சின்ன கேமராவும் பிள்ளையாரின் காதும்

கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்கு மாப்பிள்ளை வீட்டாரைவிடப் பெரிய தலைவலி, தோளில் தொங்கும் கேமராதான். இது போதுமா, பெரிசு வாங்கலாமா என்று ஒரு நாள்கூட யோசிக்காத போட்டோக்காரர் உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

நான் விருத்தாசலத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவள். கல்யாணம், காதுகுத்து எடுப்பேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் செராமிக் பொம்மைகளுக்கு கேட்லாக் படம் எடுப்பேன். என்னிடம் இருப்பது கைப்பைக்குள் அடங்குகிற சின்ன கேமரா. என்னோடு வீடியோ எடுக்க வரும் பாஸ்கர் அண்ணனிடம் இருப்பது ஃபுல் ஃப்ரேம். அதில் படம் பதிகிற சென்சார் பெரிசு. இருட்டிலும் தெளிவாக எடுக்கும், ஆளுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் பஞ்சு மாதிரி மங்கவைக்கும். கனமும் அதற்கேற்றபடிதான். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாத்திடு செல்வி" என்பார்.

தாய்மாமாவின் சந்தேகம்

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராவோடு வந்துவிட்டார். அவரும் விருந்தாளிதான். ஆனால் மேடையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்ததுமே விலகி வழிவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமா என்னைப் பார்த்து, "கொஞ்சம் ஓரமா நில்லும்மா, போட்டோ எடுக்கறவரு வராரு" என்றார். காசு கொடுத்துக் கூப்பிட்டது என்னைத்தான் என்று விளக்க நேரமில்லை, கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். நண்பரின் முழங்கைக்குக் கீழே குனிந்து புகுந்து, தாலி கட்டுவதை எடுத்துவிட்டேன். நண்பருக்குக் கிடைத்தது அய்யரின் முதுகு.

பந்தியில் தாய்மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் படத்தைத்தான் பாராட்டப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் அன்பாகக் கேட்டார்: "நல்லா ஓடியாடி வேல செய்யறம்மா. ஒம் பெரிய கேமரா வண்டியிலயே இருக்குதா?"

மூஞ்சியில் மணல்

அடுத்து பெண்ணாடத்தில் ஒரு கரும்பு விவசாயி வீட்டு மஞ்சள் நீராட்டு. சாயங்காலம் ஆரத்தி எடுக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் விளக்கு வெளிச்சம் மட்டும் விழுந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஃப்ளாஷ் போட்டால் கெட்டுவிடும் என்று அணைத்துவிட்டு எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் பிரமாதமாக இருந்தது. பெரிதாக்கி ஃப்ரேம் போட்டதும்தான் வண்டவாளம் தெரிந்தது. படம் முழுக்கப் புள்ளி புள்ளி. இருட்டில் சின்ன சென்சார் அப்படித்தான் திணறும்.

பெண்ணின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டத்தில் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடம். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது மேடம். மூஞ்சில மட்டும் ஏன் மணல அள்ளித் தூவியிருக்கீங்க?"

காணாமல் போன காது

அந்த மணல் என்னை விடவில்லை. வாங்கியே தீருவது என்று முடிவுசெய்து, அதற்கு முன் பழகிப் பார்க்க பாஸ்கர் அண்ணனின் ஃபுல் ஃப்ரேமைக் கொஞ்ச நாளைக்குக் கேட்டு வாங்கிவந்தேன். முதல் வேலை மல்லிகா அக்காவின் செராமிக் யூனிட்டில். கொலு பொம்மைகளுக்குப் படம். அதைப் பார்த்துத்தான் வெளியூர் கடைக்காரர் ஆர்டர் கொடுப்பார். புதுப் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி நான் லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்துவைத்து எடுத்தேன். பிள்ளையாரின் தும்பிக்கை கத்தி மாதிரி தெளிவு. தும்பிக்கைக்குப் பின்னால் எல்லாம் பனிமூட்டம். எனக்கே கண்ணு பட்டுவிடும் போலிருந்தது.

வாட்ஸ்அப்பில் படம் போய்ச் சேர்ந்ததும் கடைக்காரர் அக்காவுக்குப் போன் செய்து, "உடைஞ்ச பொம்மையயெல்லாம் ஏன் அனுப்பறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். மறுநாளே ஓடிப்போய் என் சின்ன கேமராவில் எடுத்தேன். தும்பிக்கையிலிருந்து மூஞ்சூறு வரைக்கும் எல்லாமே துல்லியம். பெரிய கேமராவிலும் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் இது வரும்தான். ஆனால் பரீட்சை செய்துபார்க்க அன்றைக்கு எனக்குத் தைரியமில்லை. ஆர்டர் கிடைத்துவிட்டது. அக்கா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதான் முழுசா இருக்காரு. நேத்து மட்டும் காத எந்த வூட்டுல கழட்டி வெச்சிட்டு வந்தாரோ!"

சிரிக்காத டிரைவர்

சேத்தியாத்தோப்புக் கல்யாணத்துக்கு இரண்டு கேமராவையும் கொண்டுபோனேன். மணப்பெண் கவிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, எங்கப்பா சிரிச்ச போட்டோ எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. நான் பெங்களூர் போயிட்டா எதப் பாத்துக்கிட்டு இருப்பேன்? ஒண்ணு எடுத்துக் குடுங்கக்கா" என்றாள். அப்பா தனியார் பஸ் டிரைவர். பெரிய கேமராவைத் தூக்கியதும் ஆர்டிஓ முன்னால் நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டார். சிரிக்கச் சொன்னால் பல் மட்டும் தெரிந்தது. எத்தனை தடவை முயன்றும் அதேதான்.

சோர்ந்துபோய், பெரிசை ஓரமாக வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். சின்னது இலைக்குப் பக்கத்தில் இருந்தது. கவிதாவின் அப்பா பந்தி விசாரித்துக்கொண்டு வந்தார். வடை வைக்கிறவர் என் இலையைத் தாண்டிப் போய்விட்டார். "யோவ், இங்க ஒரு வடை!" என்று இவர் கத்த, அந்த ஆள் திரும்பி, "ஒங்க பஸ்ஸுல வந்து வந்து எனக்கும் ஸ்டாப்பிங்ல நிக்காத பழக்கம் வந்திடுச்சுண்ண" என்றார். பந்தியே சிரித்தது. கவிதாவின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் இடது கையால் அமுக்கிவிட்டேன்.

படத்தைப் பார்த்ததும் கவிதா அழுதுவிட்டாள். மேக்கப் போட்டவர் என்னைத் திட்டினார். அப்பா மட்டும் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுவா? இது நெசமாவே போட்டோ புடிக்கும்னு நீ சொல்லவேயில்லையேம்மா!"

பட்டை போட்ட கழுத்து

இருட்டுக்கு வெளிச்சத்தை நன்றாக இழுக்கிற ஒரு லென்ஸை மட்டும் என் கேமராவுக்கு வாங்கிக்கொண்டு, பாஸ்கர் அண்ணனின் ஃபுல் ஃப்ரேமைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஏன் வாங்கவில்லை என்று பெரிய சண்டை போடுவார் என்று பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தவரின் கழுத்தைச் சுற்றி டாக்டர் போட்ட பட்டை. வருஷக்கணக்காகக் கனம் தூக்கியதன் பலனாம். தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, என் கைப்பையைப் பார்த்துச் சொன்னார்: "அத அங்க வெச்சிடு செல்வி. ஒஞ் சின்னத நாலு நாளைக்குக் குடுத்துட்டுப் போயேன்."

ஆக, இப்போதைக்குச் சின்னதே போதும் என்று முடிவுசெய்துவிட்டேன். அந்த 'இப்போதைக்கு' எதற்கு என்று கேமரா வைத்திருக்கிற யாரும் என்னைக் கேட்கமாட்டீர்கள்.