ரத்தம் நின்றதும் ஆறிவிட்டதென்று நம்பினோம்

என் அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது வீட்டில் நானும் அப்பாவும்தான். ராஜபாளையத்தில் இரண்டு பேரும் ஒரே மில்லில் வேலை பார்க்கிறோம். அம்மா போன துக்கத்தில் அப்பா ஓயாமல் பீடி குடித்தார். ஈறு வீங்கி, பல் ஆட ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் ஆபரேஷன் இல்லாமல் ஈறுக்கு உள்ளே வரை சுத்தம் செய்துவிட்டு, "பீடியை விட்டாத்தான் நல்லா ஆறும்" என்றார்.

அப்பாவும் விட்டார். கொஞ்ச நாளில் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. பயந்துபோய் மறுபடி பீடியைப் பற்றவைத்தார். ரத்தம் நின்றுவிட்டது.

"ஏட்டி, பாத்தியா? டாக்டருக்கே தெரியாத வைத்தியம்!" என்று சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் நம்பிவிட்டேன். டாக்டர் மறுபடி வரச் சொன்ன நாளில் போகவில்லை.

ஒருநாள் இட்லி சாப்பிடும்போது முன்பல் ஒன்று தட்டில் விழுந்தது. ஓடினோம்.

"பீடிப் புகை ரத்தத்தை வெளிய காட்டாம அமுக்கிரும்மா. நோவு உள்ளுக்குள்ள எலும்பை அரிச்சிருக்கு. ரத்தம் வந்தப்பவே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். இன்னும் மூன்று பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா அழுதார். "உங்கம்மா போன பொறவு அந்தப் பீடிதாம்ட்டி எனக்குத் தொணை."

"அப்ப நான் யாருப்பா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது ஷிப்ட் முடிந்ததும் மில் வாசலில் அவருக்காக நிற்கிறேன். பீடி விற்கும் டீக்கடைப் பக்கம் தனியாக விடுவதில்லை. ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும், சொன்ன நாளில் டாக்டரிடம் போய்விடுகிறோம். இன்னும் இரண்டு பல் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.