ஏழாவது உறை

மேலகரத்தில் எங்கள் தெருவை ஒட்டிய வயலில் ஒரு விடுதியும் செயற்கை அருவியும் வரப்போவதாக முதலில் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். குற்றாலம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் வெள்ளம் வந்து அங்கே குளிக்கத் தடை விதிக்கும் நாட்களில் கூட்டத்தை இங்கே இழுத்துவிடலாம் என்பது விடுதிக்காரர்களின் யோசனை. அவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டதும் எங்கள் சிரிப்பு நின்றது. தெரு முழுவதும் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருந்தது.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் என்பதால் ஆட்சேப மனுவை என்னை எழுதச் சொன்னார்கள். பாறை இடுக்குகளில் நீர் நகரும் விதத்தை மூன்று பக்கங்களில் விளக்கியிருந்தேன். ஆனி மாதம் விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி முதல் பக்கத்தோடு அதை மடித்துவிட்டார்.

"ஆபீஸ்ல போய் படிச்சுக்கிடுதேன் சார். அவங்க மோட்டார் ஓடுனா உங்க கிணத்துல தண்ணி இறங்குதுன்னு சொல்லுதீங்க. அதைக் கண்ணால காட்டிருங்க."

விடுதி மேலாளர் தயங்கவில்லை. "தாராளமா பாருங்க மேடம். நாங்க எடுக்கது அடிப்பாறைத் தண்ணி. இவங்க கிணறு மேலாப்புல கிடக்கு."

"நீரு பாறைக்குள்ள இறங்கிப் பாத்துட்டு வந்தீரோ?" என்றார் பலசரக்குக் கடை அண்ணாச்சி.

வயலுக்கு மிக அருகில் இருந்தது என் வீட்டுக் கிணறு. என் மனைவி தினமும் காலையில் அதை எட்டிப் பார்த்து, தண்ணீருக்கு மேலே தெரியும் சிமெண்ட் வளையங்களான உறைகளை எண்ணி, மதிலுக்கு அப்பால் நிற்கும் ஓய்வுபெற்ற நர்ஸம்மாவிடம் சொல்வாள். மாசியில் அவள் காலமான பிறகு கிணற்றின் மேல் போட்ட வலையை நான் விலக்கவில்லை. அன்று எல்லோர் முன்னாலும் விலக்க வேண்டியிருந்தது. விலக்கினேன். ஆறு உறைகள் தெரிந்தன.

தெருவில் யாரும் மோட்டார் போடக்கூடாது என்று அண்ணாச்சி வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். விடுதி மோட்டார் ஓடத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில்கூட எனக்கு அத்தனை படபடப்பு இருந்ததில்லை. அரை மணி நேரத்தில் தண்ணீர் இறங்கியது. ஏழாவது உறையின் விளிம்பு தெரிந்ததும் கிணற்றைச் சுற்றி ஆரவாரம் எழுந்தது.

மேலாளர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மேடம், இங்கன ஒரு மோட்டாரு ஓடுதே."

ஓடியது என் மோட்டார். மேல்தொட்டி காலியானதும் தானாக இயங்கும் ஸ்விட்ச். அதை அணைப்பதும் போடுவதும் என் மனைவியின் வேலையாக இருந்தது. எனக்கு நினைவே வரவில்லை.

"மூணு பக்கம் எழுதத் தெரிஞ்சுது, ஒரு ஸ்விட்ச அமத்தத் தெரியலையே," என்றார் அண்ணாச்சி. ஆனால் அவரே போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று நான் அதிகாரியிடம் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டு வாரேன். அதுக்குள்ள தண்ணி ஊறட்டும்."

அவர் திரும்பியபோது மறுபடியும் ஆறு உறைகளே தெரிந்தன. தெருவே என் கொல்லைப்புறத்தில் நின்றது. விடுதி மோட்டார் மீண்டும் ஓடியது. சாரல் விழுந்தும் யாரும் குடை விரிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழிந்தது. தண்ணீரின் வட்டத்துக்கு மேலே ஈரமான, பாசி படிந்த ஒரு கோடு தெரிந்தது. கோடு மெல்ல அகன்றது.

"ஏழு," என்றார் அதிகாரி.

மேலாளர் நெடுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். விடுதி மோட்டாரைத் தவிர வேறு சத்தமில்லை. மறு உத்தரவு வரும்வரை அதை இயக்கக் கூடாது என்று அதிகாரி அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார். அண்ணாச்சி ஃபியூஸைத் திருப்பித் தர மறந்து கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை வலையை விலக்கி எண்ணினேன். மதிலுக்கு அப்பால் நர்ஸம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறு," என்றேன்.

அவர் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு மதிலருகே வந்தார். "ஆறா? அப்போ ஊறிட்டு சார்," என்றார். "நாளைக்கும் பாத்துச் சொல்லுங்க."