பேச்சியக்காவின் மேப்பிள் மரம்

மார்கழிக் காலை. தென்காசி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போனில் பேச்சியக்காவின் அண்ணன் மகன் சுடலைமுத்து. “அத்தை போயிட்டா சித்தி. நெஞ்சு வலி. விறகுக்கு அலைய வேண்டாம்னு வாசல்ல நிக்கிற பட்ட மரத்தை வெட்டுதோம்.”

அழக்கூட விடவில்லை, பாவி! “ஏலே, அதுல கை வச்சே, தொலைச்சுருவேன்!” என்று கத்திவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் அக்காவிடம் அடி வாங்கியவர்களும் இருப்பீர்கள். நானும் அவரும் ஒரே போலீஸ் ஸ்டேஷன். அவர் ஏட்டு, நான் ரைட்டர். ஓய்வுக்குப் பிறகு ஐந்தருவி ரோட்டில் வீட்டு வாசலிலேயே நர்சரி வைத்தார். ராணுவத்திலிருந்த தம்பி இமயமலைப் பக்கமிருந்து கொண்டுவந்த மேப்பிள் கன்றுகளில் ஒன்றுதான் நம் வெயிலுக்குத் தப்பியது. குளிர் போதாது என்று மீன் வண்டிக்காரரிடம் ஐஸ் கட்டி வாங்கி வேர்ப்பக்கம் கொட்டுவார். அது சரிதானா, யாருக்குத் தெரியும்? மரம் பிழைத்தது.

மார்கழியில் அது மொட்டையாகிவிடும். அப்புறம் செக்கச்செவேலென்று துளிர்க்கும். சுற்றிலும் எல்லாம் பச்சையாக நிற்கும்போது ஒன்று மட்டும் மொட்டையாக நின்றால், பட்டுப்போச்சு என்றுதான் நம்மாட்கள் சொல்வார்கள்.

ஒரு தை மாதம், குடித்துவிட்டு அருவிக்கு வந்த ஒருவன் போட்டோவுக்காக அந்தச் சிவப்புக் கொப்பை முறித்தான். அக்கா விட்ட குத்தில் அவன் பல் தெறித்தது. அவன் பீர் பாட்டிலை உடைத்து அக்கா நெற்றியில் கிழித்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், முகமெல்லாம் ரத்தம் வழிய அக்கா முறிந்த இடத்தில் சாணியைக் குழைத்து அப்பிக்கொண்டிருக்கிறார்.

“ஆஸ்பத்திரிக்கு வாங்கக்கா!”

“எனக்குத் தையல் போட ஆள் இருக்குட்டி. இதுக்கு யாரு இருக்கா?”

விதைக்காக ஏங்கினார். பதியன் போட்டுப் பார்த்தார். ஒன்றும் வேர் பிடிக்கவில்லை. இது போனால் அவ்வளவுதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் ஆட்டோவில் போய் இறங்கும்போது அடிமரத்தில் இரண்டு வெட்டு விழுந்திருந்தது. உள்ளே ஈரம், பச்சை. கூடத்தில் அக்கா கிடக்கிறார். வாசலில் சுடலைமுத்து மறுபடியும் கோடாலியை ஓங்குகிறான். ஓங்கி அறைந்தேன். அவன் விழுந்தான். அவன் பெண்டாட்டி என் முடியைப் பிடித்து இழுத்தாள். அவள் கையைக் கடித்தேன். சாவு வீடு என்றுகூடப் பார்க்கவில்லை.

“செத்த மரத்துக்கு இப்படி அடிக்கியே, உனக்குக் கிறுக்கா சித்தி?”

“சாகலலே! கண்ணைத் திறந்து பாரு!”

அவன் வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தான். விரல் நனைந்தது. கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, அத்தை காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெளியிலிருந்து விறகு வந்தது. அதில்தான் அக்கா எரிந்தார்.

வெட்டுப் பட்ட மரம் துளிர்க்குமா, தெரியவில்லை. பேச்சியக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கோபம்தான். அதை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் வரலாம். கை சும்மா இருக்கட்டும்.