சனிக்கிழமை பிறந்த ஸ்ட்ரைக்கர்

போன வாரம் யாங்கோனின் லத்தா பகுதியில் டாக்சி பிடித்தேன். டிரைவர் கண்ணாடி துடைக்க எடுத்த பச்சைத் துணியைப் பார்த்தால், எங்கள் கிளப்பின் பழைய ஜெர்ஸி. உங்களுக்கு அந்தக் கிளப்பைத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. எனக்கோ சட்டென்று தைல வாசனை அடித்தது. உடை மாற்றும் அறை முழுக்க அந்த வாசனைதான். அதற்குள் குனிந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருப்பான் டெஸ்மண்ட்.

டிரினிடாட்காரன். அப்போது இங்கே பர்மாவில் தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்கிய புதிது. மர வியாபாரத்தில் கொழுத்தவர்கள் புண்ணியத்துக்குப் பகோடா உச்சியில் தங்கக் குடை ஏற்றிய கையோடு ஆளுக்கொரு அணியும் வாங்கினார்கள். எங்கள் முதலாளியும் வாங்கினார். மிஷன் பள்ளி இங்கிலீஷ் தெரியும் என்ற ஒரே தகுதியில் நான் மொழிபெயர்ப்பாளன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது; அதையும் மொழிபெயர்த்தேன்.

டெஸ்மண்டுக்கு வயது இருபத்தொன்பது. வியட்நாம், வங்கதேசம் என்று சுற்றி வந்தவன். காலையில் பலாட்டா என்கிற இந்த ஊர்ப் பரோட்டாவும் அவித்த பட்டாணியும் தின்றபடி, "எங்க ஊர்ச் சாப்பாடு மாதிரியே இருக்கு" என்பான். அவன் ஆட்டத்தைப் பார்க்க மலேசியாவிலிருந்து ஒரு ஏஜெண்ட் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அங்கே பெரிய கிளப். இல்லாவிட்டால் இந்த வயதில் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் மேனேஜர் கோ செல்வம் வந்தார்; 'கோ' என்றால் பர்மிய மொழியில் அண்ணன். "தம்பி, அவன் எந்தக் கெழமை பொறந்தான்னு கேளு. மொதலாளியோட ஜோசியர் சயா கேக்குறாரு."

இந்த ஊரில் பிறந்த தேதி மறந்தாலும் கிழமை யாருக்கும் மறக்காது. டெஸ்மண்ட் சிரித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டான். "சனிக்கிழமையாம். அப்பா கிரிக்கெட் ஆடப் போயிருந்தாராம்" என்றான் பெருமையாக.

சயா, அதாவது குருநாதர், தீர்ப்புச் சொன்னார்: சனிக்கிழமைக்காரன் முதல் பாதியில் புல்லை மிதிக்கக் கூடாது. கோச் முணுமுணுத்தார். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, ஏஜெண்டு நாளைக்கே சாயங்கால ப்ளைட்ல போறாரு, மொதப் பாதிதான் பாப்பாரு" என்றேன்.

"சயா சொல்லிட்டாரு. நமக்கு மட்டும் சனின்னா பயம் இல்லியா?" என்றார் கோ செல்வம்.

தவறாமல் மாதா கோவிலுக்குப் போகும் கிறிஸ்தவரான என் அப்பாவே சனிக்கிழமை செருப்பு வாங்க மாட்டார்.

மறுநாள் ஏஜெண்ட் டெஸ்மண்டை நன்றாகவே பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை. இடைவேளையில் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், போய்விட்டார். இரண்டாம் பாதியில் இறங்கிய டெஸ்மண்ட் இரண்டு கோல் அடித்தான். முதலாளி ஓடிப்போய் சயா காலில் விழுந்தார். "பாத்தியா, சயா வாக்கு" என்று கோ செல்வம் என் முதுகில் தட்டினார். அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

உடை மாற்றும் அறையில் டெஸ்மண்ட் கேட்டான்: "ரெண்டையும் பாத்தாரா?"

"ஊரே பாத்துச்சு" என்றேன். மொழிபெயர்ப்பாளன் புத்தி.

"அவரு பாத்தாரா?"

இல்லை என்றேன். அவன் பூட்ஸைக் கழற்றி, மண்ணைத் தட்டிப் பைக்குள் வைத்தான்.

அடுத்த வருடம் முதலாளிக்குக் கால்பந்து சலித்துப்போய் அணியைக் கலைத்தார். டெஸ்மண்ட் ஊருக்குப் போனான். அப்புறம் எங்கேயும் ஆடவில்லை என்று கேள்வி. பயிற்சி மைதானத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. கோ செல்வமும் போய்ச் சேர்ந்தார். சயா மட்டும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறார். அந்த இரண்டு கோலைப் பற்றிப் பேச யாங்கோனில் இன்று என்னை விட்டால் ஆளில்லை. அவற்றை எந்தக் காலால் அடித்தான் என்பதுகூட எனக்கு நினைவில்லை.