கோட்டுக்கு மேலே ஏறிய தண்ணீர்

1. ஒரு கோடும் இரண்டு நல்ல நேரமும்

ஷவர் தளத்தில் நிரப்பிய தண்ணீர் ஒரு நாளில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குறையாமலிருந்தால் வேலை நல்ல வேலை. கூடியிருந்தால் என்ன அர்த்தம் என்று டிப்ளோமா வகுப்பில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றைச் சுற்றுலா விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தோம். நான் சைட் சூப்பர்வைசர். பல் முளைக்கும் மகளைக் காலையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, விட்டது சரியா என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வேலைக்கு வருவேன்.

மேல்மாடி ஷவர் தளத்துக்கு வாட்டர்புரூஃப் பூச்சை இரண்டு கோட் அடித்துக் காயவிட்டிருந்தோம். டைல் ஒட்டுமுன் வோட்டர் டெஸ்ட் வைக்க வேண்டும். வடிகால் வாயை ரப்பர் பிளக்கால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, அது நிற்கும் மட்டத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு ஒரு நாள் விடுவோம். நான் கோடு போட்டேன். பிறகு சந்தேகம் வந்து ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்தேன். நிற்கிற தண்ணீருக்கே மட்டம் பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பங்களாவை வாங்கிய முதலாளிக்கு அந்த மாதிரிச் சந்தேகமெல்லாம் வராது.

"டப்பாவுலயே கேரண்டின்னு போட்டிருக்கு மிஸ். கம்பனிக்காரன விட ஒங்களுக்குத் தெரியுமா? வெள்ளிக்கெழம காலையில மொத டைல் வைக்க ஐயர் நேரம் குறிச்சுக் குடுத்திட்டாரு."

தளம் கசியாமல் இருக்க ஒரு நேரமும் ஐயரிடம் சேர்த்துக் கேட்டிருக்கலாம். ஏனென்றால் ஷவருக்கு நேர் கீழேதான் பங்களா முழுவதற்கும் கரண்ட் போகும் மெயின் போர்ட் இருந்தது. வாஸ்துப்படி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரும் முதலாளிதான்.

"இந்தக் கோட்டுல இருந்து தண்ணி எறங்குச்சின்னா, ஒங்க வேலைய வேற ஆள் பாக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். காவலுக்கு இருக்கும் வாச்சர் சிவலிங்கம் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"பாத்தீங்களா! கொறையல, கூடியிருக்கு. லச்சுமி கடாச்சம்!" என்றார் முதலாளி. "டைல்காரங்கள வரச் சொல்லவா?"

நான் கூரையைப் பார்த்தேன். அது ஒழுகவில்லை. மூடுபனி இறங்கித் தண்ணீராக நின்றிருக்குமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். என் வேலையைக் காப்பாற்றப் பனியே முன்வந்தால் அதை நான் ஏன் தடுக்க வேண்டும்? கீழே போய், ஷவருக்கு அடியிலிருக்கும் கொங்கிரீட் தட்டைத் தடவினேன். ஈரம். ஆனால் ஆனி மாதத்து மழையில் நோர்வூட்டில் எந்தத் தட்டைத் தடவினாலும் ஈரம்தான்.

"கொஞ்சம் பொறுங்க சேர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

2. ரெண்டு கை கொழுந்து

சிவலிங்கம் அண்ணனைப் பின்பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, மேல யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?"

"நான்தான் மிஸ்" என்றார், பெருமையாக. "நேத்து நீங்க போறப்பவே கோட்டுக்குக் கீழ எறங்கிருச்சு. ஒரு வாளி ஊத்துனேன். காலையில பாத்தா மறுபடியும் எறங்கியிருக்கு. இன்னொரு வாளி. கொஞ்சம் கூடிப்போச்சோ?"

"ஏண்ணே ஊத்துனீங்க?"

"என்னா மிஸ் இப்புடிக் கேக்குறீங்க? எங்க வீட்டுக்காரி கைப்புள்ளக்காரியா இருந்தப்ப, பால் குடுத்திட்டு மலைக்கு லேட்டாப் போவா. பறிக்கிற கொழுந்து கொறையும். நிறுக்குறதுக்கு முன்னாடி பக்கத்து நெரப் பொம்பளைங்க ஆளுக்கு ரெண்டு கை அள்ளி அவ கூடையில போட்டிருவாங்க. இல்லாட்டி அரைப் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளந்தான். நீங்களும் கைப்புள்ளக்காரி. ஒங்க வேல போவட்டும்னு பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

எனக்காக அவர் ஊற்றிய இரண்டு வாளியும் மெயின் போர்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. ஓடிப்போய்க் கரண்டை வெளியே இருந்த சுவிட்சில் நிறுத்தினேன்.

முதலாளியிடம் கசிகிறது என்றேன். ராத்திரி யாரோ விவரம் தெரியாமல் தண்ணீர் சேர்த்துவிட்டார்கள், இல்லையென்றால் இறங்கியிருக்கும் என்றேன்.

"எறங்கியிருந்தாலும் என்னா? காத்துல காஞ்சிருக்கும்."

"எம் புள்ளையோட நாப்கினே மூணு நாளாக் காயல சேர். ஒங்க ஷவர் மட்டும் எந்தக் காத்துல காயுது?"

சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று தெரிந்தது. வேலை போனால் போகட்டும் என்று அவரைக் கீழே அழைத்துப் போய் போர்டின் மூடியைக் கழற்றினேன். உள்ளே மேல் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, நிதானமாக விழுந்தது. எல்லா விஷயத்திலும் அபிப்பிராயம் வைத்திருந்த மனிதர், ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

3. மறுபடியும்

தண்ணீரை இறைத்துப் பார்த்தோம். வடிகால் வாயைச் சுற்றி வைக்க வேண்டிய துணிப்பட்டையை வைக்காமலே கோட் அடித்திருந்தார்கள். சுரண்டி, பட்டை வைத்து, மறுபடி அடித்தோம். வெள்ளிக்கிழமை கடந்து போனது. ஐயர் வேறு நேரம் குறித்துக் கொடுத்தார். அவரிடம் நல்ல நேரத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. போர்டை இடம் மாற்றச் சொன்னேன். வாஸ்து பார்த்துச் சொல்வதாக முதலாளி சொன்னார்.

இரண்டாவது டெஸ்டுக்கு முன் சிவலிங்கம் அண்ணனை உட்கார வைத்து விளக்கினேன். "கொறைஞ்சா கொறையட்டும்ணே. கொறையுதான்னு பாக்கத்தான் ஊத்துறோம். டைல் ஒட்டுறதுக்கு முன்னாடியே கசிவு தெரிஞ்சாத்தான் நம்ம தப்பிச்சோம்."

"அப்ப மொதலாளி சொன்னது?"

"அத நான் பாத்துக்குறேன்."

அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி எட்டிப் பார்த்தபோது, "வெத்தல எச்சியக்கூட இங்கிட்டுத் துப்பிறாதீங்க, கணக்கு மாறிரும்" என்றாராம். மறுநாள் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. நம்பாமல் கீழே போய் போர்டைத் திறந்து பார்த்தேன். காய்ந்திருந்தது. மூடிவிட்டு, இன்னொரு முறை திறந்தேன். பிறகுதான் டைல் ஒட்டச் சொன்னேன்.

புதிதாகச் சைட்டுக்கு வரும் தங்கச்சிமாருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். பென்சில் கோடு போடுமுன், எதற்காகப் போடுகிறோம் என்று வாச்சர் வரை எல்லோருக்கும் சொல்லுங்கள். தண்ணீர் குறைந்தால் ஒருத்திக்கு வேலை போகும் என்று மிரட்டி வைத்த சைட்டில், தண்ணீர் ஒருநாளும் குறையாது. அவள்மேல் அக்கறையுள்ள யாராவது ஒருவர் பார்த்துக்கொள்வார்.