காதால் கேட்ட பாதிப் படம்

1985-ஆம் வருடம் ஆகஸ்டு 18, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்றே முக்கால் மணி. வானம் மூடிக்கொண்டிருந்தது, ஆனால் மழை இல்லை. இலை அசையாத புழுக்கம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில், என் மைத்துனனை நாற்காலியோடு தூக்கி சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றினோம். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, என் மனைவி தலையணையும் கையுமாகப் பின்னால் வந்தாள். தெருவே வெளியே வந்து பார்த்தது. ஆஸ்பத்திரிக்கு என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் போனது சினிமாவுக்கு.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. அப்போது அவனுக்கு இருபத்து நான்கு வயது. எங்களோடுதான் இருந்தான். நான் நிலக்கடலை மண்டி ஒன்றில் கணக்கு எழுதினேன். அவன் அதே மண்டியில் லாரிக்கு மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டான். அந்த ஏப்ரலில் மூட்டைகளின் உச்சியிலிருந்து வழுக்கி, இடுப்பு தரையில் அடிபட விழுந்துவிட்டான். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். எலும்பு கூடிவிட்டது, நரம்புக்குச் சேதமில்லை, இனி எழுந்து நின்று பழகவேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

இவன் பழகவில்லை. முதல் நாள் காலை ஊன்றியபோது வந்த வலியைப் பார்த்து மிரண்டவன், அதன்பிறகு கட்டிலைவிட்டு இறங்க மறுத்துவிட்டான். இப்படியே கிடந்தால் தசை சூம்பிப்போகும், அப்புறம் எங்களைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் எச்சரித்தார். மனைவி அழுது பார்த்தாள். நான் திட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்தச் சுவரில் ஒரு நடிகரின் படம் ஒட்டியிருந்தான். சண்டைக் கலையால் உலகமெல்லாம் புகழ்பெற்று, இளவயதிலேயே இறந்துபோன நடிகர். அவருடைய வாழ்க்கையையே ஒரு படமாக எடுத்திருக்கிறார்கள், அது எங்கள் ஊருக்கு வருகிறது என்று அவனுடைய நண்பன் ஒருவன் வந்து சொன்னான். அந்த நடிகருக்கும் முதுகு உடைந்து, இனி காலைத் தூக்கவே முடியாது என்று டாக்டர்கள் கைவிட்டார்களாம். மறுபடி எழுந்தாராம்.

“எப்படி எழுந்தாருன்னு அதை மட்டும் பாக்கணும் மாமா” என்றான் மைத்துனன். நான்கு மாதத்தில் அவனாக வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற நான், ரிக்‌ஷா குலுங்கினால் என்ன ஆகும், கூட்டத்தில் யாராவது இடித்தால் என்ன ஆகும் என்று இரவெல்லாம் யோசித்துவிட்டு, சரி என்றேன்.

அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் படங்களுக்கு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட்தான் வரும். விழுப்புரத்தில் இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கும். அங்கே முதல் பாதி ஓடி முடிந்ததும், அந்தப் பெட்டியை ஓர் ஆள் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு திண்டிவனம் வருவார். இங்கே நாலே கால் மணிக்கு ஆட்டம். இரண்டாம் பாதிப் பெட்டி அடுத்த பஸ்ஸில் கண்டக்டர் பொறுப்பில் வரும். இங்கே இடைவேளை விட்டதும், முதல் பாதியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆள் திரும்ப விழுப்புரம் ஓடவேண்டும். அங்கே மாலை ஆட்டத்துக்கு அது வேண்டும்.

தியேட்டரில் எங்களுக்குக் கதவோரம் இடம் கொடுத்தார்கள். வசனம் இங்கிலீஷ். யாருக்கும் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. நடிகர் ஓர் உதை விட்டால் பத்து விசில் பறந்தது. மைத்துனன் மட்டும் விசிலடிக்கவில்லை. ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி பார்த்தான். கடைசியில் நடிகர் முதுகைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில். டாக்டர் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். இடைவேளை.

மணி அடித்து மறுபடி விளக்கணைந்தது. திரையில் உடுக்கைச் சத்தம். தீச்சட்டி. சூலத்தோடு ஒரு அம்மன் கண்ணை உருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

கொட்டகை திரையையும் ஆபரேட்டர் அறையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு முன் பெஞ்சிலிருந்து ஒருவர், “அடப்பாவிங்களா, டாக்டர் கைய விரிச்சாரு, வேப்பிலை அடிக்க ஆத்தாவே எறங்கி வந்துட்டாடா” என்றார். கொட்டகை அதிர்ந்தது. நானே சிரித்துவிட்டேன்.

விழுப்புரத்தில் அன்று காலை அடுத்த வாரப் படத்தின் பெட்டிகளும் வந்து இறங்கியிருந்தனவாம். எல்லாம் ஒரே மாதிரித் தகரப் பெட்டிகள். அவசரத்தில் கை மாறிவிட்டது. சிரிப்பு கூச்சலாக மாறி, நாற்காலிகளைத் தட்டத் தொடங்கியபோது மேனேஜர் மேடையேறிக் கும்பிட்டு, டிக்கெட் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நெரிசலில் நாற்காலியைத் தூக்க முடியாது என்று நாங்கள் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம்.

மைத்துனன் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே, “ஊட்டுக்குப் போலாம் மாமா. அவரு படுத்தது படுத்ததுதான்” என்றான்.

வராமலே இருந்திருக்கலாம். வந்து, ஒரு மனிதன் கட்டிலில் விழுந்ததை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். இனி இவன் எழுந்திருக்கவே போவதில்லை என்று அந்த நிமிடம் எனக்கு உறுதியாகத் தோன்றியது.

அப்போது முதல் பாதிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த ஆள் எங்களைக் கடந்தார். ஒல்லியானவர், நாற்பது வயதிருக்கும். இடைவேளையில் கிளம்பியவரை மேனேஜர் பிடித்து நிறுத்திக் காய்ச்சி எடுத்திருந்தார். எங்களைப் பார்த்து நின்று, “தப்பா எடுத்துக்காதீங்க சார். பேஜாராப் பூடுச்சி” என்றவர், நாற்காலியையும் தலையணையையும் கவனித்தார். “தம்பிக்கு இன்னா?”

என் மனைவி நடந்ததைச் சொன்னாள். இவன் எதைப் பார்க்க வந்தான் என்பதையும் சொன்னாள்.

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பெட்டியை இறக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“அவரு எழுந்தாரா அண்ணா?” என்றான் மைத்துனன்.

“எழாம? ஆனா நீ நெனக்கிற மாதிரி இல்ல. மொத நாளு கட்டிலு சட்டத்தைப் புடிச்சிக்கினு ஒக்காந்தாரு. அவ்ளோதான். அதுக்கே வேர்த்து ஊத்திச்சி. மக்கா நாளு காலைத் தொங்கப் போட்டாரு. தரையில வெக்கல. கட்ட வெரலை மட்டும் தரையில தொட்டு எடுத்தாரு.”

“சண்டைப் படத்துல இதெல்லாமா காட்டுவாங்க?”

“செகண்ட் ஆப்புல சண்டையே கம்மி தம்பி. ஊட்டுக்காரி வந்து தோளைக் குடுக்கறா. இவரு எரிஞ்சி எரிஞ்சி உழறாரு. ‘கத்துறதுக்கு தெம்பு இருக்குதுல்ல, அதை காலுல காட்டு’ன்றா.”

என் மனைவி களுக்கென்று சிரித்தாள். அவர் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுவதும், பாதியில் உட்காருவதும், பல்லைக் கடிப்பதுமாக நடித்துக் காட்டினார். வெளியேறிக்கொண்டிருந்த நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். எனக்குப் பாதி காதில் விழவில்லை. அவருடைய பஸ்ஸை நினைத்து நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “உங்க பஸ் போயிடுங்க” என்று இரண்டு முறை சொன்னேன்.

“போனா இன்னொண்ணு வரும் சார். கொஞ்சம் இரு, இவரை நிக்க வெச்சிட்டுப் போறேன்” என்றார்.

கதையில் நடிகரை நிற்க வைத்துவிட்டுத்தான் போனார். அதன்பிறகுதான் ஜல்தி ஜல்தி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெட்டியோடு பஸ் நிலையத்தைப் பார்த்து ஓடினார்.

மறுநாள் காலை நான் மண்டிக்குக் கிளம்பும்போது மைத்துனன் கட்டில் சட்டத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. அதற்கு அடுத்த நாள் கால் தொங்கியது. பத்தாம் நாள் அக்காவின் தோளைப் பிடித்து நின்றான், கூடவே அவளைக் கண்டபடி திட்டினான். அவள் திருப்பித் திட்டினாள். தீபாவளிக்குக் கோலூன்றித் தெருமுனை வரை போனான். பொங்கலுக்குக் கோல் இல்லை.

பொங்கல் கழிந்து மண்டி வேலையாக விழுப்புரம் போனபோது, நன்றி சொல்லலாம் என்று தியேட்டரில் விசாரித்து அந்த மனிதரைப் பிடித்தேன். ஓட்டலுக்கு அழைத்துப்போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டார்.

“நெஜமாவா சார்? நடக்கறானா?” என்றார். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, “நான் செகண்ட் ஆப் பாத்ததே இல்ல சார்” என்றார். “எங்கேந்து பாக்கறது? இங்க இன்டர்வெல் உட்டா நான் திண்டிவனம் பஸ்ஸுல. அங்க இன்டர்வெல் உட்டா விழுப்புரம் பஸ்ஸுல. எந்தப் படத்துக்கும் எனக்கு முடிவு தெரியாது.”

“அப்போ அன்றைக்குச் சொன்னது?”

“எங்க ஊட்டுக்காரி கதை. கோலியனூருல கெணத்துப் படியிலேர்ந்து உழுந்துட்டா. ஒரு வருசம் ஆச்சி எழுந்து நடக்க. தோள் குடுத்தது நான், கத்துனது அவ. அதை அப்படியே திருப்பிப் போட்டேன்.”

அன்று பஸ்ஸைத் தவறவிட்டதால் விழுப்புரத்தில் ஆட்டம் தாமதமாகி, அவருக்கு அரை நாள் சம்பளம் பிடித்திருக்கிறார்கள். அதைக் கொடுக்கப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காபி மட்டும் இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கவலை. மைத்துனனிடம் சொல்வதா, மறைப்பதா? நம்பி எழுந்தவன் இதைக் கேட்டு மறுபடி படுத்துவிட்டால்? இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

“தெரியும் மாமா. நீ கடிகாரத்தைப் பாத்துக்கினு இருந்த. அவரு பொண்டாட்டி கேப்பைக் கூழு கரைச்சிக் குடுத்தான்னு சொன்னாரு. எந்த ஊரு ஆக்டர் கேப்பைக் கூழு குடிக்கறான்?”

“தெரிந்துமாடா எழுந்தாய்?”

“அதனாலதான். சினிமான்னா ஒரே பாட்டுல எழுந்துடுவாங்க. கட்ட வெரலை தொட்டு எடுக்கறதை யாரு காட்டுவா? எங்கியோ யாரோ ஒருத்தர் நெஜமா இப்படி எழுந்திருக்காங்கன்னு புரிஞ்சிது.”

அந்தப் படத்தின் மறுபாதியை நாங்கள் இன்றுவரை பார்க்கவில்லை, தேடவும் இல்லை. எனக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. காலையில் முழங்கால் மடங்க மறுக்கும் நாட்களில், கோலியனூரில் நான் கண்ணால் பார்த்தேயிராத அந்த அம்மாளை நினைத்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடிக்கிறேன். டாக்டருக்கும் மருந்துக்கும் எவ்வளவு கொடுத்தேன் என்பது, எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும் எனக்கே மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை: டிக்கெட் காசு திரும்பி வந்துவிட்டது, ரிக்‌ஷாவுக்குப் போகவர எட்டு ரூபாய், ஓட்டலில் மூன்றரை ரூபாய், ஆக, பதினொன்றரை ரூபாய்.