எந்தப் பெரியம்மா?

"பெரியம்மா தவறிட்டாங்க. நாளைக்கு எடுக்கிறோம்." எங்கள் ரப்பர்த் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்த செய்தி இவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆளாளுக்குக் கும்பிடு போட்டார்கள். பீடோரிலிருந்து ஒருவர் மட்டும் "எந்தப் பெரியம்மாலா?" என்று கேட்டார். பதில் வர மதியமாகிவிட்டது. அதற்குள் நான் என் சொந்தப் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டுத் திட்டும் வாங்கிவிட்டேன்.

இறந்தது ராஜம்மா அக்கா. அந்தக் குழுவைத் தொடங்கியவரே அவர்தான். "மொறைய எழுதாதீங்க, பேர எழுதுங்க" என்று அதில் எங்களைத் தினமும் வதைத்தவர். அவருடைய சாவுச் செய்தியில் அவர் தங்கை மகனே பேரை விட்டுவிட்டான். பார்த்திருந்தால் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து அவனை உலுக்கியிருப்பார்.

அவர் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவர். அதே இடத்தில் நான் பதிவு கவுண்டரில் இருந்தேன். ஊசி போடுவதற்கு முன்பே நோயாளியிடம் எந்தத் தோட்டம், அப்பா யார் என்று ஆரம்பித்துவிடுவார். வரிசை வாசல்வரை நிற்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டால், "கவர்மெண்டு ஆபீஸ்ல இருக்கற பதிவு எங்கயும் ஓடிப் போவாது தம்பி. இந்தக் கெழவன் போயிருவான். மொதல்ல இவனத்தான் கேக்கணும்" என்பார். அந்தக் கிழவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு இன்னும் மோசம். யார் யார் என்று பேர் எழுதிவைக்க, வீடு வீடாக வந்து சாவு வீட்டுப் படங்களைக் கேட்டார். எங்கள் தோட்டங்களில் குடும்பம் மொத்தமும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டது பெட்டியைச் சுற்றி நின்றபோதுதான். கல்யாணத்துக்குப் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வரமாட்டார்கள். சாவுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் படத்தை யார் வெளியே வைப்பார்கள்? என் அம்மா பேப்பரில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். "வெள்ளிக்கெழமயும் அதுவுமா இது என்னா வேல?" என்று கத்தினார். அக்கா அசையவில்லை. படத்தைக் கையோடு கொண்டுபோகவும் மாட்டார். சன்னலோரம் வைத்துப் போனில் எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு பென்சிலை நீட்டினார். பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறிவிடுமாம். நான் பேனாவை எடுத்ததற்கும் அவரிடம் ஒரு பாட்டு விழுந்தது.

படத்தின் பின்னால் ஏற்கெனவே 'சித்தப்பா செத்த அன்று' என்று எழுதியிருந்தது. "யாருக்குச் சித்தப்பா? ஒனக்கா, ஒங்கப்பனுக்கா, எழுதுனவனுக்கா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் படத்தில் அரைக்கால் சட்டையோடு நிற்கும் பையன் என் அப்பா. கையைப் பிடித்திருக்கும் பெண், தாயில்லாத அவரை எடுத்து வளர்த்தவர். சொந்தமில்லை, லயத்து வரிசையில் அடுத்த வீடு. தோட்டமே அவரை 'அத்தை' என்றது. அப்பாவும் சாகும்வரை 'அத்தை' என்றே சொன்னார். பெயர் அப்பாவுக்கே தெரியாது. அந்த அம்மாள் இல்லையென்றால் அப்பா இல்லை, நானும் இல்லை. அவர் பெயராவது எனக்குத் தெரிய வேண்டும் போலிருந்தது. அதை அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன்.

உடனே என்னைக் கோப்பெங்குக்கு இழுத்துப் போனார். அத்தையின் மருமகள் வீரம்மா அங்கே தன் மகளோடு இருந்தார். பெயர் தெரிந்தவர்களில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார் வீரம்மா. "மாமியா பேர மருமவ சொல்றதா?"

"சொன்னா நாக்கு அழுகிருமா?" என்றார் அக்கா.

"அழுவாது. ஆனா சொல்ல மாட்டேன்."

மகளுக்கோ 'அப்பாயி' என்பதற்கு மேல் தெரியாது. அக்கா விடாமல் அஞ்சலையா, முனியம்மாவா, தலையையாவது ஆட்டுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். வீரம்மா கண்ணை மூடிக்கொண்டார். பதிவு அலுவலகத்துக்குப் போகலாம் என்றால் எந்தப் பெயரில் தேடுவது? அதற்குப் பிறகும் அக்கா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முறுக்கோடு கோப்பெங் போய், வெறுங்கையோடு திரும்பினார். என் வீட்டுக் கதை எனக்கே சலித்துவிட்டது. அவருக்குச் சலிக்கவில்லை.

ஈப்போ சிலிபினில் அக்காவை எடுக்கும் அன்று, வீரம்மாவைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். பெட்டியருகே நின்று அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, கோபமாகவே சொன்னார்: "எங்க மாமியா பேரு செங்கம்மா. போதுமாடி? போ."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இதை ஒரு வாரம் முன்னால் சொல்லக் கூடாதா? கேட்டவர் காதில் விழாதபோதா சொல்வது?

எல்லாரையும் பெட்டியைச் சுற்றி நிற்க வைத்துப் படம் எடுத்தேன். இந்தக் காலத்தில் இது என்ன என்று முகம் சுளித்தார்கள். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டேன். "மாமாதான்லா, தெரியாதா?" என்றார் ஒருவர். "மொற வேணாம், பேரச் சொல்லுங்க" என்றேன். அக்காவின் அதே மரியாதைக் கேடு. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் அந்தப் பென்சிலும்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் படத்தைத் திருப்பி எழுதினேன்: 'கையைப் பிடித்திருப்பவர் செங்கம்மா. பெயரைக் கேட்டு வாங்கியவர் ராஜம்மா.'